சுதந்திரத்துக்கு நிபந்தனை வைக்காத ஆசிரியர்: மர்ஹூம் டி.பி. ஜாயா

2020ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி வாரம். புளியந்தீவில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் சுதந்திர தினத்துக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த பிள்ளைகள் வரலாற்று ஆசிரியையான என்னைத் தேடி வந்து, யாரைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை சேர். பொன்னம்பலம் இராமநாதனை எடுத்துக்கொண்டது. இன்னொன்று அருணாசலத்தை எடுத்தது. டி.எஸ். சேனாநாயக்கவுக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள்.

இடைவேளை மணி அடித்த பிறகு எங்கள் சமூகத்தைச் சேர்ந்த தரம் 10 மாணவி ஒருத்தி மேசைக்கருகில் வந்து நின்றாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தாள். இந்த நாட்டின் சுதந்திரத்துக்காகப் பேசியவர்களில் நம்மவர்கள் யாராவது இருக்கிறார்களா டீச்சர் என்பதுதான் அவளது கேள்வி.

கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. அதை அவள் ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் கேட்டாள் என்பதுதான் என் மனதைத் தைத்தது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று இதே புளியந்தீவின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பலியானவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த சிறுவர்களும் இருந்தார்கள். அதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். அதன் பிறகு கல்லடிப் பாலத்தைக் கடந்து, புளியந்தீவுக்குள் நுழையும் பாலத்தையும் கடந்து வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை வெறுமையாகவே இருந்தது. யாரும் என்னை ஏசவில்லை. ஆனாலும் நான் இந்த நாட்டுக்காரிதான் என்பதை முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும் போல ஒரு பாரம் இருந்தது. பெரியவளான எனக்கே அப்படியென்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த வாவியின் இரு கரையிலும் எல்லாச் சமூகங்களுக்கும் காயம் உண்டு. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டபோது எனக்குப் பத்து வயது. அந்த இரவை நான் மறக்கவில்லை. தங்கள் இரவுகளை மறக்காத தமிழ்ப் பிள்ளைகளோடுதான் பின்னர் ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தேன். டி.பி. ஜாயா என்ற பெயர் எனக்கு உண்மையில் அறிமுகமானதும் அங்கேதான். பாடநூலில் பெயர் வரிசையில் ஒரு பெயராக மாத்திரம் நான் மனனம் செய்திருந்த அவரைக் கல்வி வரலாறு படிப்பித்த தமிழ் விரிவுரையாளர் ஒருவர் ஒரு முழுப் பாடவேளை எடுத்து விளக்கினார். அரசியல்வாதியாக அவர் ஜாயாவைத் தொடங்கவில்லை. ஒரு நல்ல ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாகத் தொடங்கினார்.

அன்று அந்த மாணவிக்கு நான் சொன்னதையும், இடைவேளை முடிந்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

துவான் புர்ஹானுத்தீன் ஜாயா 1890ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி கலகெதரயில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் பொலிஸ் சேவையில் இருந்தவர். செல்வமோ காணியோ செல்வாக்கோ உள்ள குடும்பம் அன்று. அன்றைய முஸ்லிம் பிரமுகர்களில் பலர் வணிகக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஜாயாவுக்குக் கையில் இருந்த ஒரே முதல் படிப்புத்தான். கொழும்பு முகத்துவாரத்தில் அப்போது இயங்கிய புனித தோமையார் கல்லூரியில் அவர் படித்தார். டி.எஸ். சேனாநாயக்கவும், பிற்காலத்தில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் படித்த அதே கல்லூரி. இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பெற்றார்.

பிறகு ஆசிரியத் தொழிலுக்கு வந்தார். கண்டி தர்மராஜ கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் படிப்பித்தார். இரண்டும் பௌத்தப் பாடசாலைகள், அதுவும் பௌத்த மறுமலர்ச்சியின் கோட்டைகளாக இருந்தவை. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பௌத்தக் கல்லூரிகளில் படிப்பித்த ஒரு முஸ்லிம் பிற்காலத்தில் நாட்டைப் பற்றிப் பேசும்போது, அந்த நாட்டின் பிள்ளைகளை வகுப்பறையில் முகத்துக்கு முகம் அறிந்தவராகப் பேசினார். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1915ஆம் ஆண்டில் சிங்கள – முஸ்லிம் கலவரம் வெடித்தபோது ஜாயாவுக்கு 25 வயது. கண்டியில் தொடங்கிய தீ சில நாட்களுக்குள் பல மாவட்டங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதை அடக்குகிறோம் என்று இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்த பிரித்தானிய ஆட்சி சிங்களத் தலைவர்களையும் பொதுமக்களையும் கொடுமையாக நடத்தியது. அந்தத் தலைமுறை முஸ்லிம்களின் மனதில் இரண்டு பயங்கள் ஒன்றாகக் குடியேறின. ஒன்று, பெரும்பான்மை பற்றிய பயம். மற்றது, வெள்ளைக்காரன் போய்விட்டால் நமக்கு யார் பாதுகாப்பு என்ற பயம். 1945இல் ஜாயா எடுத்த முடிவின் பாரம் இந்தப் பயங்களை அறிந்தால்தான் விளங்கும்.

1921ஆம் ஆண்டு ஜாயா கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். வாப்பிச்சி மரிக்கார், சித்தி லெப்பை போன்றோரின் உழைப்பால் 1892இல் மருதானையில் உருவான அந்தக் கலைக்கூடம் அப்போது நலிந்து கிடந்தது. மாணவர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. ஆங்கிலக் கல்வி பிள்ளைகளை மார்க்கத்திலிருந்து பிரித்துவிடும் என்று அஞ்சிய பெற்றோர் ஒரு பக்கம். கடையில் உட்கார வேண்டிய பையனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட பெற்றோர் மறுபக்கம். இந்த இரண்டு சுவர்களுக்கும் இடையில் நின்றுதான் அவர் வேலை செய்தார்.

அவர் அங்கே 27 வருடங்கள் இருந்தார். அந்தக் காலத்துக்குள் ஸாஹிரா நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக உயர்ந்தது. கம்பளை ஸாஹிரா 1942இல் அதன் கிளையாகத்தான் தொடங்கியது. கொழும்பு ஸாஹிராவின் கதவு மற்றச் சமூகங்களின் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. பிற்காலத்தில் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி போன்ற தமிழறிஞர்கள் அங்கே படித்ததும் படிப்பித்ததும் அந்த மரபின் தொடர்ச்சியே.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். 27 வருடங்கள் ஒரே பாடசாலையின் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது எவ்வளவு சலிப்பும் பொறுமையும் கலந்த வேலை என்பது. சம்பளம் போதாத ஆசிரியர், கட்டணம் கட்ட முடியாத பிள்ளை, ஒழுகும் கூரை, முகாமைக் கூட்டம் என்றே நாட்கள் கழியும். மேடையில் நாட்டுப்பற்றைப் பேசுபவர்கள் பலர் இருந்தார்கள். நாட்டுக்கு ஆட்களை உருவாக்கிக்கொண்டே பேசியவர்கள் மிகச் சிலர். ஜாயாவின் சொல்லுக்கு ஒரு கனம் இருந்ததென்றால் அது இந்த 27 வருடங்களிலிருந்து வந்தது.

அரசியலில் அவர் கால் வைத்தது 1924ஆம் ஆண்டு. சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மூன்று ஆசனங்களில் ஒன்றை அவர் வென்றார். மலாய் இனத்தவரான அவரைச் சோனகரும் தங்கள் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது அன்றைய சூழலில் சிறிய விடயமல்ல.

1931இல் டொனமூர் யாப்பு வந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் சமூகவாரித் தொகுதிகள் ஒழிந்தன. நாடெங்கும் சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு அதன் விளைவு உடனே தெரிந்தது. அந்த வருடத் தேர்தலில் அரசாங்க சபைக்குத் தெரிவான ஒரே முஸ்லிம் மாக்கான் மாக்கார். அவரும் நமது மட்டக்களப்புப் பகுதித் தொகுதியொன்றிலிருந்துதான் தெரிவானார். 1936இல் ஜாயா தேசாதிபதியின் நியமன உறுப்பினராகத்தான் அரசாங்க சபைக்குள் போக முடிந்தது. அந்த வருடம் அமைந்த அமைச்சர் குழுவில் சிறுபான்மையினர் ஒருவர்கூட இருக்கவில்லை.

ஆகவே ஜாயா, கேட்பதற்கு ஒன்றும் இல்லாத மனிதராகவோ கேட்கத் தெரியாத மனிதராகவோ இருக்கவில்லை. முஸ்லிம்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் வேண்டும், சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும், கல்விக்கு உதவி வேண்டும் என்று இருபது வருடங்களாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று சிலர் ஜாயாவை, ஒன்றும் கேட்காமல் தலையாட்டிய நல்ல முஸ்லிமாகக் காட்டப் பார்க்கிறார்கள். அது உண்மைக்கு மாறானது.

இப்போது 1945க்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. புதிய யாப்பை ஆராய சோல்பரி ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்தது. சிறுபான்மையினருக்கும் பெரும்பான்மையினருக்கும் சம அளவு ஆசனங்கள் என்ற ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை ஜி.ஜி. பொன்னம்பலம் முன்வைத்திருந்தார். இந்த வேளையில்தான் டொமினியன் அந்தஸ்துள்ள சுதந்திர இலங்கையைக் கோரும் சட்டமூலத்தைப் பண்டாரநாயக்க அரசாங்க சபைக்குக் கொண்டுவந்தார். முஸ்லிம்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது பெரிய கேள்வியாக இருந்தது. சிறுபான்மையினர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சுதந்திரத்தைத் தள்ளிப்போட ஆட்சியாளர்களுக்கு ஒரு சாட்டும் கிடைத்திருக்கும்.

ஜாயா எழுந்து பேசினார். அவருடைய வார்த்தைகளை அப்படியே தருவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. சாரத்தைச் சொல்கிறேன். முஸ்லிம்கள் சில உரிமைகளையும் பாதுகாப்புகளையும் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தக் கோரிக்கைகளைத் தவறு என்று கைகழுவவும் இல்லை. ஆனால் நாட்டின் விடுதலை என்ற தீர்க்கமான நேரம் வரும்போது முஸ்லிம்கள் அதற்குக் குறுக்கே நிற்க மாட்டார்கள் என்றும், தங்கள் சமூகத்துக்குக் கிடைக்கக்கூடிய அனுகூலங்களை இழக்க நேர்ந்தாலும் விடுதலையின் பக்கமே நிற்பார்கள் என்றும் சொன்னார். முஸ்லிம் உறுப்பினர்கள் சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் புதிய யாப்புக்கான வெள்ளை அறிக்கையை ஏற்கும் பிரேரணை வந்தபோதும் அப்படியே நடந்தது. அந்தப் பிரேரணை 51க்கு 3 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். உரிமை கேட்பதும் நாட்டை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவையா? வகுப்பில் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தோம். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. ஜாயாவின் வாழ்க்கைதான் அதற்குப் பதில் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பதிலைத் தெளிவாக விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. சொந்த வீட்டில் பங்கு கேட்பவனுக்கு வீடு தீப்பிடித்தால் தண்ணீர் அள்ளவும் தெரியும். அவன் தண்ணீர் அள்ளினான் என்பதற்காக அவனுக்குப் பங்கு இல்லையென்று ஆகிவிடாது.

1947 பொதுத் தேர்தலில் ஜாயா கொழும்பு மத்தி என்ற பல அங்கத்தவர் தொகுதியில் போட்டியிட்டு இரண்டாவது உறுப்பினராகத் தெரிவானார். அந்தத் தொகுதியின் முதல் உறுப்பினர் சிங்களவரான ஏ.ஈ. குணசிங்க. மூன்றாமவர் பறங்கியரான பீட்டர் கெனமன். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஜாயா தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார். சோல்பரி யாப்பு பரப்பளவுக்கும் ஆசனங்களை ஒதுக்கியிருந்ததால் கிழக்கிலிருந்து முஸ்லிம்கள் பாராளுமன்றம் செல்ல வழி பிறந்தது. அதே தேர்தலில் மட்டக்களப்புத் தொகுதியை வென்றவர் சின்னலெப்பை.

1948இல் ஜாயா விட்ட இடத்தில் ஸாஹிராவின் அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸ் அமர்ந்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், போர்க்காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து நம் பகுதி மக்களின் வறுமையையும் கல்வியில்லாமையையும் நேரில் கண்டவர். அவர் 1945இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சகாய நிதி, படிக்க வசதியற்ற எத்தனையோ பிள்ளைகளைக் கைதூக்கி விட்டது. ஓர் ஆசிரியர் விட்ட இடத்தை இன்னோர் ஆசிரியர் நிரப்பியதால்தான் அந்த விளக்கு அணையவில்லை.

ஜாயா பின்னர் பாகிஸ்தானில் இலங்கையின் உயர்ஸ்தானிகராகப் பணியாற்றினார். 1960ஆம் ஆண்டு ஹஜ் பயணம் சென்றிருந்தபோது மே 31ஆம் திகதி மதீனாவில் இறையடி சேர்ந்தார். ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார். நாட்டை நேசித்த அந்த மனிதரின் கப்று நபிகளாரின் நகரத்தில் இருக்கிறது. மார்க்கப் பற்றும் நாட்டுப் பற்றும் ஒரே நெஞ்சில் இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறென்ன சொல்ல?

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் அது வெறும் புகழ்மாலையாகிவிடும். வரலாறு படிப்பிப்பவள் அப்படிச் செய்யக் கூடாது.

ஜாயா வைத்த நம்பிக்கைக்கு நாடு முழுமையாக விசுவாசமாக இருந்ததா? 1944இல் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரச கரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தபோது, கிழக்கின் உறுப்பினரான வி. நல்லையா தமிழையும் சேர்க்குமாறு திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது. நம்பிக்கை வைப்பதற்கு அப்போது நியாயம் இருந்தது. 1956இல் சிங்களம் மாத்திரம் சட்டம் வந்தபோது அந்த நியாயம் உடைந்தது. தமிழில் படித்து, தமிழில் மனு எழுதும் கிழக்கு முஸ்லிமுக்கும் அது விழுந்த அடிதான். எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு, 1972ஆம் ஆண்டு யாப்பில் இல்லாமல் போனது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம், ஜாயா அமைச்சராக இருந்த அரசாங்கத்தின் காலத்திலேயே நிறைவேறியது. விடுதலை எல்லோருக்கும் என்று நம்பியவர்கள் இருந்த அமைச்சரவை அது. தோட்டத் தொழிலாளி வெளியே நிறுத்தப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் போதிய அளவு குரல் கொடுக்கவில்லை. நம் பெரியவர்களை நேசிக்கிறோம் என்பதற்காக அவர்களுடைய குறையைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டியதில்லை. அதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. தன் சமூகத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அடுத்த சமூகத்தின் இடம் பறிபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வரிசையில் நமது முறையும் ஒருநாள் வரும்.

அப்படியென்றால் ஜாயா ஏமாந்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. ஏமாந்தவர் என்று சொல்ல, அவர் தன் ஆதரவைக் கொடுத்துப் பதிலுக்கு ஒரு பொருளை வாங்க நின்றிருக்க வேண்டும். அவர் வியாபாரம் செய்யவில்லை. இந்த நாடு தனக்கும் உரியது என்ற உறுதியில் தன் வீட்டுக் காரியத்தில் ஒரு முடிவெடுத்தார். வாக்குத் தவறியது யார் என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. தவறியவர்களிடம் நிமிர்ந்து நின்று உரிமை கேட்கும் தகுதியையும் அந்த முடிவே நமக்குத் தந்திருக்கிறது.

2019க்குப் பிறகு நம்மில் பலர் நாட்டுப்பற்றை ஒரு சான்றிதழ் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினோம். வேறு சிலர் கசந்துபோய், இந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன என்று ஒதுங்கினார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்புத்தான். நாடு வேறு யாருடையதோ, நாம் வந்து தங்கியவர்கள் என்ற நினைப்பு. ஜாயாவிடம் அந்த நினைப்பு இருக்கவில்லை. அவரிடமிருந்து நான் பெற்ற ஊக்கம் அதுதான்.

அந்த மாணவி போட்டியில் ஜாயாவைப் பற்றிப் பேசினாள். ஆனந்தாவில் படிப்பித்த முஸ்லிம் ஆசிரியர் என்ற இடத்திலிருந்து தொடங்கினாள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. நேரம் கடந்துவிட்டதால் புள்ளி குறைத்துவிட்டார்கள். அன்று பேச்சு முடிந்த பிறகு இராமநாதனைப் பற்றிப் பேசிய தமிழ்ப் பிள்ளை அவளிடம் வந்து ஜாயாவின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, தன் கொப்பியில் எழுதிக்கொண்டது. பஸ்ஸில் காலியாக இருந்த என் பக்கத்து இருக்கை அந்த நிமிடம் நிரம்பியது போல இருந்தது எனக்கு.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பெப்ரவரி 4ஆம் திகதி கொடியேற்றும்போது, இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் பேசியதையும் சொல்லுங்கள், 27 வருடங்கள் படிப்பித்ததையும் சொல்லுங்கள், நிறைவேறாமல் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியை இனித் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் ஜாயா அவர்களின் பணிகளைப் பொருந்திக்கொண்டு, அன்னாருக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.